கீபோர்டுக்கு ஒரு சீட்டு

மார்ச் 3, வெள்ளி. ஓட்டம் இல்லை.

அதெல்லாம் நடக்காது வடிவு. ‘முடிவு பண்ணியாச்சு அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டு நீ ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் நான் சம்மதித்ததாக ஆகிவிடுமா? என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு நிமிர்வதற்குள் நீ தெருமுனையில் இருந்தாய். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். இது நீ கொடுத்த வண்டி நோட்டுதான். போன ஊர், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், இவ்வளவுதான் எழுதச் சொன்னாய். வண்டியே இல்லாதபோது வண்டி நோட்டை யார் வாங்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. கோழி கிளறிய மாதிரி இருந்தால் இருக்கட்டும்.

நம் வேன் ரோட்டில் ஓடலாம் என்கிற எஃப்.சி. சர்டிபிகேட் கிடைக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். சோதிக்க வந்த ஆபீசர் உள்ளே ஏறி நின்றார். அவர் செருப்புக்கு அடியில் ரோடு தெரிந்தது. ‘காத்தோட்டத்துக்கு விட்டிருக்கோம் சார்’ என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை. உன் கச்சேரிக் குழுவின் ஸ்பீக்கர் பாக்ஸ், டிரம்ஸ், ஒயர், ஆள் ஏழு பேர் எல்லாவற்றையும் பத்தொன்பது வருஷம் சுமந்த வேன். போகட்டும். இன்னொரு வேன் வாங்கு என்கிறேன். பின்னால் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றிவிட்டால் சாமானுக்கு இடம். முன்னால் ஆட்கள்.

நீ லோடு வண்டி என்கிறாய்.

“ஆளுக்கு ஒரு ஊர்ல இருக்காவ அண்ணாச்சி. ஒவ்வொருத்தரையா ஏத்திக்கிட்டுப் போய்ச் சேரதுக்குள்ள கச்சேரி நேரமே வந்துருது. எல்லாரும் பைக் வச்சிருக்காவ. அவியவிய வந்துருவாவ. நீங்க சாமான மட்டும் கொண்டாந்தாப் போதும்.”

“அப்ப எம் பக்கத்துல யாரு உக்காருவா?”

“கீபோர்டு.”

சொன்னாயே அப்படி! பின்னால் போட்டால் தூசி, குலுக்கல். அதனால் முன் சீட்டில் கீபோர்டை நிறுத்தி பெல்ட் போட வேண்டுமாம். நீயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள் என்றேன்.

“பெல்ட்ட எனக்குப் போடவா, அதுக்குப் போடவா? கால் வைக்கிற எடத்துல மிக்சர் வேற இருக்கும்.”

“சுவிட்சு போடாம அது பேசாது தாயி. அறுவது மைலு நான் யாருகூடப் பேசிக்கிட்டுப் போறது?”

“பேசாம ஓட்டுங்க. ஊருக்கே நல்லது.”

அதோடு போய்விட்டாய். வடிவு, எனக்குப் பாடத் தெரியாது. தாளம் தட்டினால் உன் முகம் சுருங்கும். கச்சேரி நோட்டீஸில் கடைசி வரியில் ‘வாகனம்: இசக்கியப்பன்’ என்று போடுகிறாய். வயது அறுபத்தாறு. அந்த வரியும் போனால் நான் வெறும் இசக்கியப்பன்.

மார்ச் 4, சனி. ஓட்டம் இல்லை.

ரிதம் பேட் வாசிக்கிற பீர்மைதீன் வந்தான். அவனுக்கும் வேன்தான் வேண்டும். “இடது சீட்டு இல்லன்னா நான் எங்க போவேன் பாட்டையா? அது என் சிம்மாசனம்லா” என்றான்.

அந்தச் சிம்மாசனத்தின் கதையை எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். வேனில் இடது சீட்டில் உட்காருகிறவன் இடப்பக்கம் வருவதை எல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். மாடு, சைக்கிள், பள்ளம், பால்காரர், எது வந்தாலும். ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த கடையில் எல்லாருக்கும் டீ அவன் செலவு. பீரு இதில் ராஜா. வெறுமனே சொல்ல மாட்டான், மெட்டுப் போட்டுச் சொல்லுவான். ‘மாடு வருது, மாட்டுக்குப் பின்னால மாமியா வருது.’ பின் சீட்டில் நீயே எத்தனை தடவை சிரித்திருக்கிறாய்.

‘சைக்கிள் ஒண்ண விட்டுட்டியே’ என்று நான் சொன்னால் அதுதான் தீர்ப்பு. சைக்கிள் உண்மையில் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

கேட்காதது நல்லது. என் இடது கண் அந்த வருஷமே வேலையிலிருந்து ஓய்வு வாங்கிவிட்டது. வலது கண் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. தலையை முழுக்கத் திருப்பினால் வண்டியின் இடது கண்ணாடி தெரியும். திருப்பினால் ரோடு தெரியாது. அவ்வளவுதான் விஷயம். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சோதனைக்குப் போனபோது வரிசையில் முன்னால் நின்றவர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பித்தேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவன் ஒரு எழுத்துகூடத் தப்பாமல் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படி மார்க் கிடைத்ததில்லை.

சொர்ணத்திடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச காலமாக என் பெண்டாட்டி டீ டம்ளரை வலது கைப்பக்கமாகவே வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 7, செவ்வாய். ஓட்டம் இல்லை.

உன் வீட்டு முற்றத்தில் சாமான்களை எல்லாம் எடுத்து வைத்து அளந்தோம். எந்த வண்டியில் எது கொள்ளும் என்று பார்க்க வேண்டுமே. நீ பேப்பரும் பேனாவுமாக நாற்காலியில் உட்கார்ந்தாய். இரும்பு டேப் என்னுடையது. கிழட்டு டேப். அதில் முதல் நாலு இஞ்ச் முறிந்துபோய் வருஷக்கணக்காகிறது. அளந்தபின் நாலைக் கழித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பழக்கம். உனக்குத் தெரியாது.

முறிந்த முனையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு எண்ணைச் சொன்னேன். கழிக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே இருக்கட்டும்.

“பாஸ் பாக்ஸ் அகலம்?”

“முப்பத்திரெண்டு.”

“அவ்வளவா? பாத்தா தெரியலியே.”

“சத்தத்தைக் கேட்டுமா தெரியல?”

நீ சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாய். பாக்ஸ் ஒன்றுக்கு உண்மையில் இருபத்தெட்டு. இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் ஐம்பத்தாறு இஞ்ச். நீ பார்த்து வைத்திருக்கிற குட்டியானை லோடு வண்டியின் உள் அகலம் ஐம்பத்தேழு. கச்சிதமாக அடங்கியிருக்கும். உன் பேப்பரில் இப்போது அறுபத்து நாலு இருக்கிறது.

“கொள்ளாது போலிருக்கே” என்று நீ பேனாவைக் கடித்தாய்.

“வேனுன்னா கொள்ளும்” என்றேன், வானத்தைப் பார்த்து.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, வியாழன். ஓட்டம் இல்லை.

காலையில் உன் போன். கூடவே வண்டி புரோக்கர் தங்கத்துரையின் குரல்.

“குட்டியானதானக்கா பத்தாது? பெரிய பிக்கப் ஒண்ணு வந்து நிக்கி. அதுக்கு அண்ணன் மாதிரி. ரெண்டு பாக்ஸ் என்ன, கச்சேரி மேடையவே தூக்கி வைக்கலாம்.”

“அளந்து பாத்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. இல்லன்னா சின்ன வண்டிய வாங்கிட்டு முழிச்சிருப்பேன்” என்றாய்.

உன் நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவை ரசம் கேட்கவில்லையே என்று சொர்ணம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 11, சனி. ஓட்டம் இல்லை. பஸ்ஸில் பாவூர்சத்திரம்.

பழைய வண்டிகள் நிற்கிற காலியிடத்துக்கு மூன்று பேரும் போனோம். நீ, நான், தங்கத்துரை. பிக்கப்பைப் பார்த்தேன். வெள்ளை நிறம். மூக்கு நீளம். நான் ஏறி உட்கார்ந்தேன். வலது கண்ணாடி என் தோளோடு இருக்கிறது. இடது கண்ணாடி அடுத்த ஊரில் இருக்கிறது. நடுவில் கீபோர்டுக்கு ஒரு சீட்டு.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“கல்யாணத்துக்கு நிக்கிற எருமை மாதிரி இருக்கு.”

“ஓட்டுவியளா மாட்டியளா?”

“நான் ஓட்டாத வண்டியா தாயி?”

இந்த வாயைத்தான் முதலில் கழற்றி பழைய இரும்புக்குப் போட வேண்டும்.

இறங்கி வரும்போது மூலையில் இன்னொன்று நின்றது. அதுவும் பிக்கப்தான். ஆனால் முன்னால் இரண்டு வரிசை சீட்டு. டிரைவரோடு ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் குட்டையான தொட்டி. உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் வரிசையில் கீபோர்டைப் படுக்க வைக்கலாம், மிக்சரையும் வைக்கலாம். முன்னால் இடது சீட்டில் பீரு உட்காரலாம்.

“இதப் பாரு வடிவு, இதப் பாரு!”

நீ பார்த்தாய். உனக்கும் பிடித்துவிட்டது. “மழை வந்தா நாங்க ரெண்டு மூணு பேரு இதுலயே வந்துரலாம்லா” என்றாய். தங்கத்துரை அவன் டேப்பை இழுத்துத் தொட்டியை அளந்தான்.

“உள்ள அகலம் அறுவது.”

நீ பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தாய்.

“பாக்ஸ் ரெண்டும் சேத்து அறுபத்து நாலு. கொள்ளாது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா சாயும். ச்சே.”

ஐம்பத்தாறு வடிவு. ஐம்பத்தாறுதான். நாலு இஞ்ச் மிச்சம் இருக்கும். அந்தக் காலியிடத்தில் வெயிலில் நின்றுகொண்டு நான் அந்த எண்ணை நாக்கு நுனி வரை கொண்டுவந்தேன். சொன்னால் நீ அடுத்து என்ன கேட்பாய்? ‘ஏன் கூட்டிச் சொன்னிய?’ அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்து என்ன கேட்பாய்? ஒரு நூலை இழுத்தால் வேட்டி முழுக்க வந்துவிடும் போலிருந்தது.

“இன்னொரு வாட்டி அளந்து பாப்பமா?” என்றேன்.

“நீங்கதான அளந்திய. உங்க அளவு என்னைக்குத் தப்பியிருக்கு?” என்று பேப்பரை மடித்துப் பையில் வைத்தாய்.

செவ்வாய்க்கிழமை முழு லோடோடு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை வண்டிதான்.

மார்ச் 12, ஞாயிறு.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தேன். எந்தக் கண்ணை மூடினேன் என்று எழுத மாட்டேன். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது.

மார்ச் 14, செவ்வாய். கடையத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி ரோடு. கி.மீ. 6. திரும்பி ஓட்டவில்லை.

மூன்று மணிக்கு லோடு ஏற்றினோம். பாஸ் பாக்ஸ் இரண்டையும் சேர்த்து நிறுத்தியபோது பக்கவாட்டில் நிறைய இடம் கிடந்தது. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

“நெறைய இடம் சும்மா கெடக்கே. ஒங்க கணக்குப்படி இடிச்சுக்கிட்டுல்லா நிக்கணும்?”

“வெயில்ல பாக்ஸ் வத்திப் போயிருக்கும்.”

நீ சிரித்தாய். ஆனால் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாய். பாக்ஸ் ஆடாமல் இருக்க இரண்டு தலையணையைக் கொண்டுவந்து இடைவெளியில் திணித்தாய். கீபோர்டை முன் சீட்டில் நிறுத்தி பெல்ட்டை மாட்டினாய். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாய்: “பைக்ல வாறவங்க வண்டிக்குப் பின்னாலதான் வரணும். யாரும் முன்னால ஏறக் கூடாது. பீரு, உனக்குத்தான் சொல்லுதேன்.” பீரு சல்யூட் அடித்தான்.

புறப்பட்டோம். முதல் மூன்று கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓட்டினேன். நடு ரோட்டை விட்டு இறங்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடித்துக்கொள்ளட்டும். முதுகு பனியன் நனைந்துவிட்டது. கீபோர்டிடம் பேசிப் பார்த்தேன். ‘எம்மா, இடப்பக்கம் என்ன வருது?’ பை போட்ட கீபோர்டு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிறவள் மாதிரித் தலை குனிந்து நின்றது.

எதிரே பஸ் வந்தது. வேகமாக வந்தது. இடம் விட வேண்டும். தலையைத் திருப்பினால் பஸ் தெரியாது. திருப்பவில்லை. இடப்பக்கம் ஒதுக்கினேன்.

டொப் என்று ஒரு சத்தம்.

பாக்ஸ் சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த இடைவெளிதான் கண் முன்னால் வந்தது. தலையணை நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இருபது அடி போனேன். பஸ் கண்டக்டர் வெளியே தொங்கி ‘நிறுத்துல, நிறுத்துல’ என்று கத்தியபிறகுதான் நிறுத்தினேன்.

ரோட்டோரப் பள்ளத்தில் பைக் கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. உடைமர முட்புதருக்குள் பீரு உட்கார்ந்திருந்தான். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். பீரு உள்ளேயிருந்து கத்தினான்: “அவர விடுங்க. எம்மேலதான் தப்பு. நான்தான் இடப்பக்கமா ஏறினேன்.”

நீ ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய்.

“என்ன அண்ணாச்சி ஆச்சு?”

“இடப்பக்கம் வந்துட்டான்” என்றேன்.

பொய் இல்லை. இடப்பக்கம்தான் வந்தான்.

மார்ச் 15, புதன்.

பீருவுக்கு மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். கட்டுப் போட்டு ஆறு வாரம். பங்குனி உத்திரக் கச்சேரி போச்சு, சித்திரை மாசத்துக் கோயில் கொடை எல்லாம் போச்சு. கட்டு அவிழ்த்த பிறகும் பேட் வாசிக்க வருமா என்பது பிறகுதான் தெரியும் என்றார்களாம்.

டீக்கடையில் எல்லாரும் என் பக்கம்தான். ‘எளவட்டப் பயலுவ எங்கயாவது ஒழுங்கா ஓட்டுதானுவளா? அண்ணாச்சி கை நெதானமா இருந்ததால பய உசுரோட இருக்கான்’ என்று ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 16, வியாழன்.

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 18, சனி. நடை.

பீரு வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி ரஹ்மத்து நாற்காலி போட்டு சர்பத் கலக்கிக் கொடுத்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பீரு சிரித்தான். எப்போதும்போலச் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

“ஏல, பின்னால வான்னு சொன்னா ஏம்ல முன்னால வந்த?”

“வெளாட்டுக்குத்தான் பாட்டையா. கீபோர்டு வாயத் தொறக்காதுல்லா. நீங்க தனியாப் போறியளேன்னு, நாமளாவது சொல்லுவோம்னு சன்னல் பக்கம் வந்தேன். எருமை, எருமைன்னு கத்தினேனே, கேக்கலியா?”

“கேக்கல.”

“கண்ணாடில உங்க மொகம் நல்லாத் தெரிஞ்சுது. எனக்கு உங்களத் தெரிஞ்சா உங்களுக்கு என்னத் தெரியும்லா? பாத்துட்டிய, எடம் விடுவியன்னு நெனச்சேன். நீங்க பஸ்ஸக் கண்டு ஒதுக்கிட்டிய. ஒங்க மேல ஒண்ணும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்த எருமை டீக்கு இப்ப யாரு செலவு?”

நான் சிரித்தேன் வடிவு. சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சர்பத் டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

ரஹ்மத்து உள்ளே போனதும் அவன் குரல் இறங்கியது.

“வடிவக்கா போன் பண்ணுனாவ. இந்த சீசனுக்கு ஆலங்குளத்துலேருந்து வேற ஆளு பேசியாச்சாம். அது சரிதான், கச்சேரி நிக்கக் கூடாதுல்லா. ஆனா கை சரியானாலும் வர வேண்டாம்னுட்டாவ. சொன்ன பேச்சக் கேக்காம வண்டியில வந்து மோதுனவன வச்சுக்கிட்டு மத்தவங்க உசுருக்கு யாரு பதில் சொல்லன்னு கேட்டாவ. நியாயந்தான். ஆனா எனக்கு வேற வேல தெரியாது பாட்டையா. நீங்க சொன்னா அக்கா கேப்பாவ. நான் மன்னிப்புக் கேக்கேன்னு சொல்லுங்க.”

மன்னிப்பு. அவன் கேட்கிறானாம். என் மூலமாக.

“சொல்லுதேன்” என்று எழுந்தேன். வாசல்படியில் இடப்பக்கம் நிறுத்தியிருந்த அவன் மகளின் மூன்று சக்கர சைக்கிளை உதைத்துத் தள்ளிவிட்டேன். பீரு என்னைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 20, திங்கள்.

வெள்ளை வண்டி உன் பேருக்கு மாறிவிட்டதாம். புதன்கிழமை பூசை, அன்றைக்கே என்னிடம் சாவி. வியாழன் அன்று தென்காசியில் கல்யாண வரவேற்பு. பைக்கில் வருகிற ஐந்து பேர், ரோட்டில் போகிற ஊர் உலகம் எல்லாம் என் இடப்பக்கம்.

சொர்ணம் டீயைக் கொண்டுவந்து வலப்பக்கம் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“பீரு பெஞ்சாதி வந்துட்டுப் போறா. அவன வடிவு வேண்டாம்னுட்டாளாமே.”

“ம்.”

“நீங்க போயிச் சொல்லுதியளா, நான் போயிச் சொல்லட்டா?”

“என்னத்தச் சொல்ல?”

“டீய எந்தக் கைப்பக்கம் வைக்கேன்னு சொல்லுதேன்.”

முப்பத்தொன்பது வருஷம் இவளைக் கேலி பண்ணியே காலம் தள்ளினேன். இப்போது டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போய்விட்டது. இன்னொரு டம்ளர் கேட்கவும் பயமாக இருந்தது.

மார்ச் 22, புதன். ஓட்டம் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு உன் வீட்டு வாசலில் வெள்ளை வண்டி கழுவித் துடைத்து நின்றது. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். தங்கத்துரை சூடத்தை ஏற்றிச் சுற்றினான். நீ சாவியைத் தட்டில் வைத்து நீட்டினாய்.

“ஏறுங்க அண்ணாச்சி. பழத்து மேல ஏத்துங்க.”

“சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஒரு வார்த்த சொல்லணும்.”

“ஏறிட்டுச் சொல்லுங்க. நல்ல நேரம் போயிரும்.”

“பீரு மேல தப்பு இல்ல தாயி. எனக்கு இடது கண்ணு தெரியாது.”

நீ சிரித்தாய். தங்கத்துரையும் சிரித்தான். இத்தனை வருஷம் நான் விதைத்த சிரிப்புதான், யாரைக் குற்றம் சொல்ல.

“பூசை நேரத்துலயுமா வெளாட்டு?”

“வெளாட்டு இல்ல. எம் பக்கத்துல வா. இந்தப் பக்கம், இடது தோளோட நில்லு. நான் நேரா வண்டியப் பாக்கேன். நீ வெரலக் காட்டு. எத்தனன்னு சொல்லுதேன்.”

தட்டைத் தங்கத்துரையிடம் கொடுத்துவிட்டு வந்தாய். வளையல் சத்தம் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வண்டியின் நெற்றியில் இருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷமாகக் குத்துமதிப்பாகச் சொல்லியே பிழைத்தவன். ஆசை விடவில்லை வடிவு. இதையும் சரியாகச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

“மூணு” என்றேன்.

சூடம் எரிகிற சத்தம் கேட்டது.

“நான் இன்னும் கையவே தூக்கல அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண் சோதனையில் ஒப்பித்ததைச் சொன்னேன். டீ விளையாட்டு எதற்கு என்று சொன்னேன். அந்த விளையாட்டுப் பழக்கத்தில்தான் பீரு அன்று சன்னலோரம் வந்து கத்தினான், அவன் கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை, அவன் முகமும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். “உன்னையும் வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா இந்த ஒத்தக் கண்ணோட ஓட்டியிருக்கேன் தாயி. உம் மகளையும் ரெண்டு தடவ குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நீ என்ன செருப்பால அடி. ஆனா அவன வேண்டாம்னு சொல்லாத” என்றேன்.

திட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாயே என்று எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. மனசில் பாரம் இறங்குகிற மாதிரிகூட இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

“இன்னொண்ணும் இருக்கு வடிவு. கோவப்படாமக் கேளு. அந்த அஞ்சு சீட்டு வண்டியே நமக்குப் பத்தியிருக்கும். பாக்ஸ் அளந்தேம்லா, அந்த டேப்புல மொத நாலு இஞ்ச்...”

“அண்ணாச்சி, யாருகிட்டப் பேசுதிய?” என்றான் தங்கத்துரை. “அவன வேண்டாம்னு சொல்லாதன்னியளே, அக்கா அப்பவே போயாச்சே. தட்டுலருந்து சாவிய எடுத்துக்கிட்டு, அந்தா, பீரு வீட்டுத் தெருவுக்குள்ள திரும்புதாவ.”